'பி.டி. சார்' என்பவர் யார்? அமெரிக்காவில் ஆரம்பித்து சைதாப்பேட்டை வழியாக திருப்பதி வரை வந்த ஒரு வேலையின் கதை

உங்கள் காலேஜ் நாட்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கழுத்தில் விசில், தலையில் தொப்பி, காலையில் கிரவுண்டில், மதியம் ஏதோ ஒரு ஃபைலோடு பிரின்சிபால் அறை வாசலில். எல்லா டிபார்ட்மென்ட் மாணவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், ஆனால் எந்த டிபார்ட்மென்ட்டிலும் சேராதவர் மாதிரி இருப்பார். 'பி.டி. சார்' என்றால் எல்லோருக்கும் தெரியும். பிசிகல் டைரக்டர் என்பதன் சுருக்கம் அது. அரசு உத்தரவுகளில் 'உடற்கல்வி இயக்குநர்'. அமெரிக்கப் படங்களில் 'அத்லெடிக் டைரக்டர்' என்று ஒருவர் கோட் சூட்டோடு வருவாரே, அவருடைய நம்ம ஊர் உறவுக்காரர்.

அவருக்கு என்ன படிப்பு, என்ன சம்பளம், அவர் கோச்சா அல்லது அதிகாரியா என்றெல்லாம் அன்றைக்கு நாம் யோசித்ததே இல்லை. இப்போது ஏன் யோசிக்க வேண்டும்?

ஒரு உதாரணம். சித்தூரில் டிகிரி படிக்கும் ஒரு பெண் ஃபுட்பால் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நகரி பக்கத்து ஊர், வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு. கல்லூரி அணியில் ஆடி, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் தேர்வாகி, திருப்பதியில் உள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக அணியின் ஜெர்சியைப் போடுகிறார். தென் மண்டலப் போட்டிக்கு ரயில் ஏறுகிறார். நான்கு வருடம் கழித்து, மத்திய அரசின் குரூப் சி வேலை ஒன்றுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கிறார். அங்கே அவரிடம் கேட்கப்படும் காகிதத்தின் பெயர் 'படிவம் 3'. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடினார் என்பதற்கான சான்று. சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, தேசியப் போட்டிக்கு 2, தேசிய அளவிலான பள்ளிப் போட்டிக்கு 4. நம் பெண்ணுக்கு வேண்டியது 3. அதில் கையெழுத்துப் போடும் அதிகாரம் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்குப் பொறுப்பான அதிகாரிக்கு. அதாவது, அந்த 'பி.டி. சாரின்' பெரிய வடிவத்துக்கு.

அவர்தான் டீமைத் தேர்வு செய்யும் குழுவைக் கூட்டியவர். பல இடங்களில் கோச்சை நியமித்தவரும் அவரே, சில இடங்களில் கோச்சே அவர்தான். பயணப்படியை அனுமதித்தவர் அவர். சான்றிதழில் கையெழுத்தும் அவருடையது. ஒரே ஆள் கையில் இவ்வளவும் ஏன் வந்தது? அதைப் புரிந்துகொள்ள 130 வருடம் பின்னால் போக வேண்டும்.

பாதிரியாராக நினைத்தவர் பேராசிரியர் ஆன கதை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்றால் நாம் ஆடும் கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். நம்முடையதை அவர்கள் 'சாக்கர்' என்பார்கள். ஆட்டம் வேறு, ஆனால் வேலை ஒன்றுதான்: பல்கலைக்கழக டீமுக்குப் பயிற்சி கொடுப்பது, பல்கலைக்கழகத்தின் மொத்த விளையாட்டையும் நிர்வகிப்பது.

இந்த இரண்டையும் சேர்த்து ஒரு மரியாதையான பதவியாக மாற்றியவர்களில் முதன்மையானவர் அமோஸ் அலான்ஸோ ஸ்டாக். 1862-ல் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தார், பாதிரியார் ஆக வேண்டும் என்பது திட்டம். மேடையில் பேச வரவில்லை. சரி, கிரவுண்டிலேயே இருந்துவிடுவோம் என்று மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போனார். அங்கே அவர் கட்டிய ஃபுட்பால் டீமில் ஆடியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். அதே பள்ளியில் 1891 டிசம்பரில் கூடையை மாட்டி பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்த அதே நெய்ஸ்மித்தான். ஸ்பிரிங்ஃபீல்டு என்ற பெயரை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

1892-ல் சிகாகோ பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியது. அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், யேலில் ஸ்டாக்குக்குப் பாடம் எடுத்தவர். அவர் ஸ்டாக்கை வெறும் கோச்சாகக் கூப்பிடவில்லை. உடற்கல்விக்கு ஒரு தனித் துறை, அதற்கு ஸ்டாக் தலைவர், பேராசிரியர் வரிசையில் நிரந்தர இடம். இதுதான் பெரிய மாற்றம். அதுவரை கோச் என்பவர் சீசனுக்கு வந்துபோகும் ஆள். தோற்றால் வீட்டுக்கு. இப்போது கணிதப் பேராசிரியருக்கு உள்ள அதே பாதுகாப்பு இவருக்கும் கிடைத்தது.

ஸ்டாக் 41 சீசன்கள் அங்கே இருந்தார். டீமை அவரே பயிற்றுவித்தார், அட்டவணையை அவரே போட்டார், பணத்தையும் பார்த்துக்கொண்டார். மைதானத்துக்கே 'ஸ்டாக் ஃபீல்டு' என்று பெயர் வந்தது. இன்றைய கார்ப்பரேட் மொழியில் சொன்னால், புராடக்ட், ஃபைனான்ஸ், எச்.ஆர். எல்லாம் ஒரே ஆள்.

ஆனால் இந்த அதிகாரம் எதன் மேல் நின்றது? பல்கலைக்கழகத் தலைவரின் ஆதரவின் மேல். ஹார்ப்பர் 1906-ல் காலமானார். பிற்பாடு தலைவராக வந்த ராபர்ட் ஹட்சின்ஸுக்கு ஃபுட்பால் மேல் பெரிய மதிப்பு கிடையாது. எழுபது வயது ஆனதும் ஸ்டாக் ஓய்வு பெற வேண்டியதாயிற்று. அவர் விடவில்லை. கலிஃபோர்னியாவில் பசிஃபிக் கல்லூரிக்குப் போய் இன்னும் 14 சீசன் கோச்சாக இருந்தார். 1943-ல், 81 வயதில், அந்த ஆண்டின் சிறந்த கோச் விருது வாங்கினார். 1965-ல் இறக்கும்போது வயது 102.

சிகாகோவில் என்ன ஆயிற்று தெரியுமா? 1939 கடைசியில் பல்கலைக்கழகம் ஃபுட்பாலையே கைவிட்டது. ஆட்டம் நின்றுபோன அந்த ஸ்டாக் ஃபீல்டின் கேலரிக்குக் கீழேதான் 1942 டிசம்பர் 2 அன்று உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுப்பிளவுத் தொடர்வினை நடந்தது. ஒரு கோச்சின் சாம்ராஜ்யம் அணு உலைக் கூடமாக மாறியது. வேறெந்த விளையாட்டுத் துறைத் தலைவருக்கும் இப்படி ஒரு முடிவுரை வாய்த்திருக்காது!

மற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எதிர்த்திசையில் போயின. டிவி ஒளிபரப்பு உரிமை, டிக்கெட், முன்னாள் மாணவர் நன்கொடை என்று பணம் குவிந்தது. அலபாமா பல்கலைக்கழகத்தின் நிக் சேபன் தன் கடைசி ஆண்டுகளில் வருடத்துக்கு 1 கோடி டாலருக்கு மேல் வாங்கினார். பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிக சம்பளம் வாங்குபவர் கவர்னர் இல்லை, பல்கலைக்கழகக் கோச். வேலை அவ்வளவு பெரிதானதும் அதை இரண்டாகப் பிரித்தார்கள். கோச் ஜெயிக்க வேண்டும். டைரக்டர் பணம், விதிமுறை, ஆள் எடுப்பு எல்லாம் பார்க்க வேண்டும். 1972-ல் வந்த 'டைட்டில் 9' சட்டம் பெண்களுக்கும் சம வாய்ப்பு தரச் சொன்னது. அதைச் செயல்படுத்திக் காட்டும் பொறுப்பும் டைரக்டர் தலையில் விழுந்தது.

அதே பள்ளியிலிருந்து மெட்ராஸுக்கு

இப்போது ஸ்பிரிங்ஃபீல்டுக்குத் திரும்புவோம். அதே பள்ளியில் படித்த இன்னொருவர் ஹாரி க்ரோ பக். 1919-ல் மெட்ராஸ் வந்தார். 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியை ஒரு சில மாணவர்களோடு ஆரம்பித்தார். இன்று சென்னை நந்தனத்தில் மரங்களுக்கு நடுவே இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிதான் அது. 'சைதாப்பேட்டை ஒய்.எம்.சி.ஏ.' என்றால் பழைய ஆட்களுக்கு உடனே புரியும். அண்ணா சாலையில் பஸ்ஸில் போகும்போது நீங்கள் நூறு தடவை கடந்திருப்பீர்கள். புத்தகக் காட்சிக்கு உள்ளேயும் போயிருப்பீர்கள்.

1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணியைத் தயார்படுத்தி அழைத்துப் போனவர் பக். இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாவதற்கு முன்னால் ஊர் ஊராகப் போய் ஆதரவு திரட்டியவர்களிலும் அவர் ஒருவர். விளையாட்டு விதிமுறைகளைத் தொகுத்து அவர் எழுதிய புத்தகம் பல தலைமுறை பி.டி. மாஸ்டர்கள் கையில் இருந்தது. 1943-ல் காலமானார்.

ஒலிம்பிக்ஸை விட அவர் செய்த பெரிய வேலை வேறு. 'உடற்கல்வி என்பது படித்துப் பட்டயம் வாங்க வேண்டிய ஒரு தொழில்' என்பதை இங்கே நிலைநாட்டினார். அதுவரை பள்ளிகளில் டிரில் சொல்லிக் கொடுத்தவர்களில் பலர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். 'அட்டென்ஷன், ஸ்டாண்ட் அட் ஈஸ்', அவ்வளவுதான். பக்கின் மாணவர்கள் உடற்கூறியல் படித்தார்கள், பல விளையாட்டுகளின் விதிகளைப் படித்தார்கள், போட்டி நடத்தக் கற்றார்கள். பி.டி. சாருக்கு ஒரே நேரத்தில் கோகோ, வாலிபால், கபடி, அத்லெடிக்ஸ் எல்லாம் தெரிந்திருப்பது இதனால்தான். எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிய வேண்டும் என்பதுதான் அந்தப் பயிற்சியின் வடிவம். ஒரே ஆட்டத்தில் ஆழமாகப் போகும் கோச் வேறு ஜாதி.

சித்தூருக்கு இதில் என்ன சம்பந்தம்? 1911-ல் உருவான சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. திருத்தணிகூட அந்த மாவட்டத்தில் இருந்து, 1960-ல்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. எல்லைப் போராட்டத்தின் கதை தனி, ம.பொ.சி. பற்றி இன்னொரு நாள் பேசலாம். நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: உடற்கல்வி ஆசிரியர் பதவி, அதன் படிப்பு, அதன் பழக்கவழக்கங்கள் எல்லாம் மெட்ராஸில் உருவாகிய காலத்தில் சித்தூரும் திருப்பதியும் அதே நிர்வாகத்துக்குள் இருந்தன. ஆந்திரம் பிரிந்த மறுவருடம், 1954-ல், திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் தொடங்கியது. 1983-ல் ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம். குப்பத்தில் 1997-ல் திராவிடப் பல்கலைக்கழகம். 2015-ல் ஐ.ஐ.டி.யும் வந்தது. கோயில் ஊர் என்று நாம் நினைக்கும் திருப்பதி, உண்மையில் ஒரு யுனிவர்சிட்டி டவுன்.

சிகாகோவில் ஸ்டாக்குக்குக் கிடைத்த பணம் இங்கே யாருக்கும் கிடைக்கவில்லை. டிக்கெட் வாங்கிப் பல்கலைக்கழக மேட்ச் பார்க்கும் பழக்கம் நம்மிடம் வளரவே இல்லை. அதனால் வேலை பிரியவும் இல்லை. அமெரிக்காவில் பணம் வந்ததால் பதவி இரண்டானது; இங்கே பணம் இல்லாததால் இரண்டும் ஒரே நாற்காலியில் ஒட்டிக்கொண்டன.

ரஹீம் சாபின் ரகசியம்

ஒரே நாற்காலி என்பது கெட்ட விஷயம்தானா? இல்லை என்று சொல்ல நம்மிடம் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 'மைதான்' படம் பார்த்திருந்தால் பெயர் தெரிந்திருக்கும்: சையத் அப்துல் ரஹீம். 1909-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர், உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து அங்கே ஃபுட்பால் ஆடியவர். அடிப்படையில் பள்ளி ஆசிரியர். பின்னர் உடற்கல்விப் பட்டயமும் வாங்கி, வேலை பார்த்த பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார். ஆக, அவரும் ஒரு பி.டி. சார்தான்.

படம் காட்டுவது கோச் ரஹீமை. 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதி, கடைசியில் நான்காம் இடம். 1962 ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மறுபடி தங்கம். ஒரு தகவல் சொல்கிறேன்: சித்தூரும் ஹைதராபாத்தும் ஆந்திரப் பிரதேசம் என்ற ஒரே மாநிலத்துக்குள் வந்தது 1956 நவம்பர் 1. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை வென்றது டிசம்பர் 1. மாநிலத்துக்கு அன்று வயது சரியாக ஒரு மாதம்.

நமக்கு முக்கியம், படத்தில் அவ்வளவாகத் தெரியாத ரஹீம். அவர் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தார், சாகும் வரை. அந்தப் பேனாவை வைத்து என்ன செய்தார் தெரியுமா? 'டிரிபிளிங் கூடாது' என்று ஒரு டூர்னமென்ட் நடத்தினார். வலது காலால் ஆடுபவர்கள் இடது காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று இன்னொன்று. பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதுதான் ஆட்டம் என்று நம் ஆட்கள் நினைத்த காலம் அது. பாஸ் கொடு, ஓடு, இரண்டு காலையும் பழக்கு என்று டீமுக்குள் கத்துவதற்குப் பதிலாக, அதையே போட்டி விதியாக மாற்றிவிட்டார். ஊர் முழுக்க இருந்த பையன்கள் கோப்பைக்காக அப்படி ஆடப் பழகினார்கள்.

கோச்சாக மட்டும் இருந்திருந்தால் தன் டீமின் 20 பேரை மாற்றியிருக்கலாம். செயலாளராக மட்டும் இருந்திருந்தால் அட்டவணை போட்டிருக்கலாம். இரண்டும் ஒரே கையில் இருந்ததால் ஒரு நகரத்தின் ஆட்டத்தையே மாற்றினார். அவர் பயிற்சி கொடுத்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950-லிருந்து 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது சும்மா இல்லை.

செகந்திராபாத் பக்கம் அம்முகூடாவில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்த துளசிதாஸ் பலராம் இப்படி ரஹீம் கண்ணில் பட்டவர்தான். பயிற்சிக்கு வந்துபோக வீட்டில் வசதி இல்லை. சைக்கிள் வாடகைக்கு ரஹீம் பணம் கொடுத்தார். மெல்போர்ன், ரோம் இரண்டு ஒலிம்பிக்ஸிலும் ஆடி, ஜகார்த்தா தங்க அணியிலும் இருந்தார் பலராம். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜும் ஹைதராபாத் தமிழர். இந்தியக் கால்பந்தின் பொற்காலத்தில் நம்ம பெயர்கள் வருவது பெங்கால் வழியாக இல்லை, பெரும்பாலும் அந்த தெலங்கானா கன்டோன்மென்ட் வழியாக.

ஜகார்த்தாவில் ஜெயித்தபோதே ரஹீமுக்கு நுரையீரல் புற்றுநோய் முற்றியிருந்தது. 1963 ஜூன் 11 அன்று காலமானார், வயது 53. இந்திய ஆண்கள் அணி அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றதே இல்லை.

அவருடைய இரட்டைப் பதவி ஒரு அமைப்பாக மாறவில்லை என்பதும் உண்மை. ரஹீம் போனார், அந்த விசித்திர டூர்னமென்ட்களும் போயின.

இன்றைய பி.டி. சாரின் ஒரு வருடம்

ஜூன் 21 யோகா தினம். ஆகஸ்ட் 15 கொடியேற்றம், அணிவகுப்பு. ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு தினம். நாக் குழு வந்தால் விளையாட்டு வசதிகளைப் பற்றிய ஃபைல். நடுவே கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள், பல்கலைக்கழக டீம் செலக்‌ஷன், பயிற்சி முகாம், இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்துக்கு அனுப்ப வேண்டிய தகுதிப் படிவங்கள், ரயில் டிக்கெட், ஷூ, ஜெர்சி, பில். போட்டி முடிந்த பிறகு கணக்கு. அப்புறம் ஆடிட் வினாக்கள். ஜனவரி 26 மறுபடி அணிவகுப்பு.

இதில் ஃபுட்பால் எங்கே வருகிறது? தென் மண்டலப் போட்டிக்கு முன் சில வாரங்கள். மண்டலத்தில் முன்னணியில் வந்தால் அகில இந்தியப் போட்டி. 2020-லிருந்து கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டு என்று இன்னொரு படியும் சேர்ந்திருக்கிறது. எல்லா விளையாட்டிலும் சேர்த்து முதலிடம் பிடிக்கும் பல்கலைக்கழகத்துக்கு மாகா டிராஃபி எனப்படும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை. கவனியுங்கள், 'எல்லா விளையாட்டிலும் சேர்த்து'. ஆகவே ஒரு டைரக்டருக்கு ஃபுட்பால் என்பது முப்பது நாற்பது ஆட்டங்களில் ஒன்று. 20 பேரைக் கூட்டிப் போய் ஒரு கோப்பைக்காக ஆடும் ஃபுட்பாலை விட, நாலு பேரை அனுப்பி எட்டு பதக்கம் வாங்கும் ஆட்டத்தில் பணம் போட்டால் புள்ளி அதிகம். அவர் இடத்தில் நீங்கள் இருந்தாலும் இதே கணக்குத்தான் போடுவீர்கள்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சின்னக் கல்லூரியில் கோச்சும் டைரக்டரும் ஒருவராக இருப்பதில் தவறில்லை, வேறு வழியும் இல்லை. பல்கலைக்கழக அளவில் அது சரி வராது. டீமைத் தேர்வு செய்பவரும், சான்றிதழில் கையெழுத்துப் போடுபவரும், அதன் மேல் வரும் புகாரை விசாரிப்பவரும் ஒரே ஆளாக இருந்தால், சித்தூரிலிருந்து வரும் அந்தப் பெண்ணுக்கு முறையிட இடமே இல்லாமல் போகிறது. நல்ல மனிதர் நாற்காலியில் இருக்கும்வரை இந்தக் குறை தெரியாது.

இந்த வேலைக்கு எப்படிப் போவது?

தம்பிக்கோ தங்கைக்கோ, அல்லது ஐ.டி. வேலை அலுத்துப்போன உங்களுக்கேவோ இந்த யோசனை இருந்தால், முதலில் தெரிய வேண்டியது: இரண்டு கதவுகள் இருக்கின்றன. தவறான கதவைத் தட்டி வருடங்களை வீணாக்கியவர்கள் நிறைய.

முதல் கதவு, டைரக்டர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள்படி, கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகவோ பல்கலைக்கழகத்தில் உதவி இயக்குநராகவோ சேர, உடற்கல்வி அல்லது விளையாட்டு அறிவியலில் 55 சதவீத மதிப்பெண்ணோடு முதுகலைப் பட்டம் வேண்டும். கூடவே நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வு, அல்லது விதிகளுக்கு உட்பட்ட பிஎச்.டி. கல்லூரி அளவிலோ அதற்கு மேலோ ஆடிய சான்றும் வேண்டும். ஆசிய விளையாட்டு அல்லது காமன்வெல்த் விளையாட்டில் பதக்கம் வென்றவருக்கு முதுகலைப் பட்டம் இருந்தால் தனி வழி உண்டு.

இதோடு ஒரு உடல் தகுதித் தேர்வு. 30 வயது வரை உள்ள ஆண் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர் கடக்க வேண்டும். பெண்ணுக்கு 8 நிமிடத்தில் 1,000 மீட்டர். ஓடலாம், நடக்கலாம். வயது ஏற ஏற தூரம் குறையும். பேராசிரியர் வரிசைச் சம்பளத்துக்கு ஓடிக் காட்ட வேண்டிய வேலை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

சம்பளம்? உதவிப் பேராசிரியருக்கு உள்ள அதே நிலை 10, அடிப்படை ஊதியம் 57,700 ரூபாயில் தொடங்கும். பல்கலைக்கழக இயக்குநர் ஆனால் நிலை 14, தொடக்கம் 1,44,200. அதற்கு பிஎச்.டி., 10 வருட அனுபவம், குறைந்தது இரண்டு வார முகாம்களும் போட்டிகளும் நடத்திய சான்று, டீம்களையோ வீரர்களையோ நல்ல நிலைக்குக் கொண்டுவந்த சான்று எல்லாம் வேண்டும். விதியை எழுதியவர்கள் மனதில் கோச்சும் அதிகாரியும் சேர்ந்த ஒரு ஆள் இன்னும் இருக்கிறார் என்பது இதில் தெரிகிறது. இது நிரந்தரப் பணியிடத்துக்கான கணக்கு. சுயநிதிக் கல்லூரிகளிலும் ஒப்பந்த வேலைகளிலும் இந்த எண்களை எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாவது கதவு, கோச். இதற்கு முதுகலைப் பட்டம் கட்டாயம் இல்லை. 1961-ல் பாட்டியாலாவில் பழைய மோதிபாக் அரண்மனையில் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயம் ஒரு வழி. 'என்.ஐ.எஸ். கோச்' என்று பெயர்ப் பலகையில் போடுவார்களே, அது. ஃபுட்பாலுக்கு இன்னொரு ஏணியும் உண்டு. அகில இந்திய கால்பந்து சம்மேளனமும் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பும் தரும் லைசென்ஸ்கள்: டி, சி, பி, ஏ, கடைசியாக புரோ. கிளப், அகாடமி, ஐ.எஸ்.எல். எல்லாம் கேட்பது இந்த லைசென்ஸைத்தான். எம்.பி.எட். டிகிரியைக் காட்டினால் அங்கே வேலைக்காகாது. அதே போல ஏ லைசென்ஸைக் காட்டி அரசுக் கல்லூரியில் பி.டி. ஆகவும் முடியாது. நம் நாட்டில் இந்த இரண்டு ஏணிகளுக்கும் நடுவே பாலம் இல்லை. பல்கலைக்கழகங்கள் கோச்களை எடுக்கும்போதும் அது பெரும்பாலும் ஒப்பந்த வேலையாகவே இருக்கிறது, சீசனுக்கு வந்துபோகும் ஆளாக. ஸ்டாக்குக்கு முந்தைய காலம் மாதிரி.

பெண்களுக்கு இதில் ஒரு வாய்ப்பு அதிகம். பெண்கள் அணி வெளியூர் போகும்போது கூடப் போகப் பெண் மேனேஜர் வேண்டும், மகளிர் கல்லூரிகளுக்குப் பெண் இயக்குநர்கள் வேண்டும். லைசென்ஸ் வைத்திருக்கும் பெண் ஃபுட்பால் கோச்கள் இன்னும் குறைவுதான்.

நீங்கள் வேலைக்குப் போகாமல், ஆடிக்கொண்டு மட்டும் இருப்பவர் என்றால் ஒரே ஒரு விஷயம். பல்கலைக்கழக அணிக்கு ஆடியிருந்தால், படிவம் 3-ஐ படிப்பு முடிவதற்குள் வாங்கிவிடுங்கள். போட்டியின் பெயர், நடந்த இடம், தேதி, பிடித்த இடம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பெயரின் எழுத்து பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒத்துப்போக வேண்டும். தமிழ் இனிஷியலும் தெலுங்கு வீட்டுப் பெயரும் கலந்து வரும் சித்தூர் பக்கத்துப் பெயர்களில் இதுதான் அடிக்கடி இடறும் இடம். கையெழுத்து கல்லூரி பி.டி. சாருடையது போதாது, பல்கலைக்கழக விளையாட்டு அதிகாரியுடையதாக இருக்க வேண்டும். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். போகும்போது இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள்.